பயணத் தொகுப்பா, முழுப் பயண நூலா? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு தேர்வு

ஊர் நூலகத்துக்குப் பயண நூல்கள் வாங்கித் தருவதென்று எங்கள் வாசகர் வட்டம் முடிவெடுத்ததும் முதல் கேள்வியிலேயே சிக்கல் வந்துவிட்டது. இருக்கும் பணத்துக்கு நான்கைந்து புத்தகங்கள்தான் வாங்கலாம். உலகப் பயணிகளில் பெயர்பெற்ற எல்லாரையும் ஓர் அட்டைக்குள் அடக்கிய பெருந்தொகுப்பை வாங்குவதா? தென்னிந்தியாவைப் பார்த்தவர்களை மட்டும் சேர்த்த வட்டாரத் தொகுப்பா? மார்க்கோ போலோ, இபன் பதூதா என்று ஒருவரைப் பிடித்து முழு நூலாகவே வாங்கிவிடுவதா? “துண்டு துண்டாப் படிச்சா மனசுல நிக்காது சார், முழுசா வாங்குங்க” என்றார் கல்லூரி மாணவர் ஒருவர். “முழுசா வாங்கினா யாருப்பா முழுசாப் படிக்கிறது?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை என்று இந்தக் கரையில் உட்கார்ந்து படிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நமக்குப் பயண நூல்கள்மேல் ஒரு தனி உரிமை உண்டு. முத்துக்காகவும் சேதுவுக்காகவும் இலங்கைக்குப் போகும் வழிக்காகவும் இந்தக் கரையைத் தொட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் எழுதியும் வைத்தார்கள். அவர்கள் எழுதியதில் எது சரி, எது கேள்விப்பட்டது என்பதைக் காற்றும் நீரோட்டமும் தெரிந்த நம் ஊர்க் கடலோடி ஒருவரால் சொல்லிவிட முடியும். ஆகவே தேர்வுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தொகுப்பாளர் எதை வெட்டியிருக்கிறார்? எந்தத் தொகுப்பும் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டிய இடத்தைப் பொறுத்து ஒரு பயணத்தின் பொருளே மாறிவிடும்.

உலகப் பெருந்தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பயணிக்கு ஐந்தாறு பக்கம், முன்னால் அவரைப் பற்றி ஒரு பத்தி. பாலைவனம், துருவம், மலையுச்சி, பெருநதி என்று வரிசை போகும். யாரைப் பின்தொடர்வது என்று தெரியாத புதிய வாசகருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. பத்துப் பேரைப் படித்தால் இரண்டு பேராவது பிடித்துப்போவார்கள். கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கவும் ஏற்றது. ஆனால் இத்தகைய நூல்கள் உச்சக் காட்சிகளையே தேடிப் பிடிக்கும். தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் அண்டார்க்டிகாவில் சிக்கிக்கொண்ட ஆங்கிலேயர் ஸ்காட் 1912 மார்ச் 29 அன்று எழுதிய கடைசி நாட்குறிப்பு இந்த வகைத் தொகுப்புகளின் செல்லப்பிள்ளை. கூடாரத்துக்கு வெளியே பனிப்புயல், உள்ளே உணவும் எரிபொருளும் தீர்ந்துபோன மனிதர்கள். படிப்பவர் கண் கலங்காமல் இருக்க முடியாது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னால், 1911 பிப்ரவரியில், 80 பாகைக் கோட்டில் வைப்பதாக இருந்த உணவுக் கிடங்கைக் குதிரைகள் தளர்ந்துபோனதால் சுமார் 30 மைல் முன்னதாகவே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அந்தக் கிடங்குக்கு 11 மைல் தூரத்தில்தான் கடைசிக் கூடாரம் நின்றது. கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவருக்கு அது விதி. நாட்குறிப்பை முழுதாகப் படித்தவருக்கு அது ஒரு முடிவும் அதன் விளைவும். இரண்டும் வேறு வேறு கதைகள்.

பெருந்தொகுப்பில் நமக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. நம் கரை அதில் வருவதே அரிது. வந்தாலும் முத்துக்குளிப்பு என்ற ஒரே காட்சியோடு நின்றுவிடும்.

அந்த முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாண்டிய நாட்டைக் கடந்து போனவர். 1298இல் ஜெனோவாவில் சிறையில் இருந்தபோது ருஸ்திகெல்லோ என்ற உடன்கைதியிடம் தன் பயணத்தைச் சொல்ல, அவர் எழுதினார். மாபார் என்று அவர் சொல்வது சோழமண்டலக் கரை. மலபார் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. இலங்கைக்கும் நம் கரைக்கும் நடுவில் ஏப்ரல் தொடங்கி மே நடுவரை முத்துக்குளிப்பு நடக்கிறது. அரசனுக்குப் பத்தில் ஒன்று. ஆழத்தில் ஆள்விழுங்கும் மீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் பிராமணர்களுக்கு இருபதில் ஒன்று. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்கள், அதனால் இருட்டில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கத் துணிய மாட்டார்கள் என்கிறார். இந்தக் கடல்கட்டிகளைப் பற்றிப் பிற்காலத்து ஆங்கிலேயர் குறிப்புகளிலும் படிக்கலாம். தொகுப்பாளர் யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்தை விடமாட்டார். விடவும் கூடாது.

ஆனால் முழு நூலில் பக்கத்தைப் புரட்டினால் அடுத்த அதிகாரத்தில் குதிரை வருகிறது. இந்த நாட்டில் குதிரை வளர்வதில்லை. ஹோர்முஸ், கிஷ், தோபார், ஏடன் வணிகர்கள் கப்பலில் கொண்டுவருகிறார்கள். அரசன் ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் கட்ட ஆளில்லை, கட்டுபவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள், நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு இப்படிப் போகிறது என்று எழுதுகிறார். முத்துப் பக்கத்தைத் தனியாகப் படித்தால் இந்தக் கரை செல்வம் கொழிக்கும் அதிசய பூமி. குதிரைப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால், மூச்சடக்கிக் கடலுக்குள் போனவர் எடுத்துவந்த செல்வம் எந்த வழியாக வெளியே போனது என்ற கேள்வி எழுகிறது. இரண்டுக்கும் நடுவில் சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களை விட்ட தொகுப்பை நம் ஊர் அலமாரிக்கு முதல் நூலாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இபன் பதூதா விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மொராக்கோவைச் சேர்ந்த அவர் மாலத்தீவில் காஜியாக (நீதிபதியாக) இருந்தவர்; 1344இல் அங்கிருந்து கிளம்பி, இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறி, அங்கிருந்து கப்பலில் மாபார் கரைக்கு வருகிறார். கரை நெருங்கும்போது கப்பல் ஆழமில்லாத இடத்தில் மாட்டிக்கொள்கிறது. கட்டைகளைக் கட்டி மிதவை செய்து கூட வந்தவர்களை அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கப்பலின் பின்புறத்திலேயே இரவைக் கழிக்கிறார். காலையில் ஊர்க்காரர்கள் படகில் வந்து மீட்கிறார்கள். தொகுப்பாளர்களுக்குப் பிடித்த பகுதி இது. இன்னொன்றும் பிடிக்கும்: பத்தன் என்ற துறைமுகத்தில் கடலுக்குள் பெரிய மரத்தூண்கள் நட்டுக் கட்டிய மண்டபம், அதற்குப் போக மரத்தாலான மூடுபாதை, அந்த ஊரின் நல்ல திராட்சையும் மாதுளையும். பத்தன் எந்த ஊர் என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். நம் பெரியபட்டினம்தான் என்பது ஒரு கருத்து. பெரியபட்டினத்தில் நொபோரு கராஷிமா முதலானோர் நடத்திய ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்பதால் அந்தக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

முழு நூலில் இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவிலும் பின்னாலும் என்ன இருக்கிறது? மதுரைச் சுல்தான் கியாசுதீனின் பாசறை இருக்கிறது. சிறைபிடித்தவர்களையும், பெண்களையும் குழந்தைகளையும்கூட, அவன் கொன்ற விதத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் பதூதா எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவன் அந்தச் சுல்தான். உறவுக்காரனைப் பற்றித்தான் இப்படி எழுதுகிறார். மதுரையில் பரவிய கொள்ளைநோயும் அவருக்கு வந்த காய்ச்சலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறு செய்தி இருக்கிறது. மாலத்தீவின்மேல் படையெடுக்கச் சுல்தானும் பதூதாவும் திட்டம் போடுகிறார்கள். இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தத் தீவுகளுக்குக் கப்பல் போக முடியாது என்று கடற்படைத் தலைவர் சொல்லிவிடுகிறார். அதனால்தான் பதூதா பத்தனுக்குப் போகிறார்.

இந்த ஒரு வரியை நம் கரைக்காரர் படிப்பதும் மற்றவர் படிப்பதும் ஒன்றல்ல. கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் தென்கடல் எப்படி இருக்கும், வாடை எழுந்தால் வடகடல் எப்படி இருக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுல்தானே ஆனாலும் காற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் துறைமுகங்கள் வளர்ந்தன, திருமணங்கள் நடந்தன, மொழிகள் கலந்தன. தொகுப்பாளர் முதலில் வெட்டுவது இந்தக் காத்திருப்பைத்தான், ஏனென்றால் அதில் ‘எதுவும் நடக்கவில்லை’.

அப்படியானால் நேரே முழு நூலுக்கே போய்விடலாமே என்று தோன்றும். அதில் நடைமுறைத் தடை இருக்கிறது. இபன் பதூதாவின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு நான்கு பாகங்கள். முதல் பாகம் 1958இல் வந்தது. மொழிபெயர்ப்பாளர் கிப் 1971இல் இறந்துபோக, பெக்கிங்ஹாம் பொறுப்பேற்று நான்காம் பாகத்தை 1994இல் முடித்தார். மாபார் பகுதி அந்தக் கடைசிப் பாகத்தில்தான் வருகிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர் மொராக்கோவில் புறப்பட்டு மக்கா, தில்லி எல்லாம் கடந்து நம் கரைக்கு வந்து சேர நெடுநாள் ஆகும். வேலைக்குப் போய்வருகிறவர்களில் பலர் வழியிலேயே இறங்கிவிடுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்ட கேள்வி இங்கேதான் எடுபடுகிறது. இதே கிப் 1929இல் வெளியிட்ட ஒரே பாகச் சுருக்கம் ஒன்று உண்டு. பல பேரைக் கொண்ட தொகுப்பைவிட அது மேல். ஒரே மனிதரின் குரல் தொடர்ந்து கேட்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வகை: வட்டாரத் தொகுப்பு. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தொகுத்து 1939இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல், கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் தொடங்கி 15ஆம் நூற்றாண்டுச் சீனர் மா ஹுவான் வரை தென்னிந்தியாவைப் பற்றி வெளிநாட்டார் எழுதியவற்றை ஆங்கிலத்தில் தருகிறது. கிரேக்கர், சீனர், அரபியர், பாரசீகர், இத்தாலியர் எல்லாரும் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இதுதான் இந்த வகையின் பலம். உலகத் தொகுப்பில் ஒரு பயணியிலிருந்து அடுத்தவருக்குத் தாவும்போது கண்டமே மாறிவிடும். ஒருவர் சொன்னதை இன்னொருவரை வைத்துச் சோதிக்க வழியில்லை. வட்டாரத் தொகுப்பில் ஒருவருக்கு மற்றவர் சாட்சி. மார்க்கோ போலோ சொல்லும் அதே குதிரை வணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குதிரையை விற்ற பக்கத்திலிருந்து எழுதுகிறார். வாங்கியவர் கணக்கையும் விற்றவர் கணக்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்ததுபோல் இருக்கும்.

ஒரு தொகுப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நமக்கு வெளியே போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 4, 14 என்று வருவன முல்லை, 6, 16 என்று வருவன மருதம், 10, 20 என்று பத்தில் முடிவன நெய்தல், மற்றவை குறிஞ்சி. எண்ணைச் சொன்னாலே நிலம் தெரிந்துவிடும். கோடி என்ற கடற்கரையில் ஆலமரத்தின்கீழ் இராமன் இருந்தபோது பறவைகளின் ஒலி அடங்கியதைச் சொல்லும் பாட்டு, ‘வென்வேற் கவுரியர் தொன்முது கோடி’ என்று பாண்டியரின் பழைய கோடியைப் பாடும் பாட்டு, அகநானூற்றில் 70ஆவது. ஆகவே நெய்தல். பாடல்களைச் சேர்த்ததோடு நில்லாமல், நிற்கும் இடத்திலிருந்தே ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கிடைக்கும்படி அவர்கள் அடுக்கினார்கள். பயணத் தொகுப்பு வாங்கும்போதும் நான் அதைத்தான் பார்க்கிறேன். எந்த நூலின் எந்த அதிகாரம், எங்கே வெட்டப்பட்டது, பழைய ஊர்ப்பெயருக்கு இன்றைய பெயர் என்ன என்று சொல்லியிருக்கிறதா? சொல்லாத தொகுப்பு அச்சும் அட்டையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வட்டாரத் தொகுப்பிலும் குறை உண்டு. நீலகண்ட சாஸ்திரியார் வரலாற்றாசிரியர். சான்று என்ற முறையில் சேர்த்தார். படிக்கச் சுவையாக இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம் இல்லை. சில பகுதிகள் இரண்டு வரிதான். முதலாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூலின் 59ஆம் பகுதி கொற்கையில் முத்துக்குளிப்பு நடப்பதையும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நேரே வடக்கே போய்விடுகிறது. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் கப்பல் கீறிய பானை ஓடும் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. எழுதியவர் கடந்துபோன இடத்தை மண் பேசுகிறது.

தமிழில் படிக்க விரும்புவோருக்கு ஏ.கே. செட்டியார். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். அன்று அது ராமநாதபுரம் ஜில்லா. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றியவர், ‘குமரி மலர்’ நடத்தியவர். தானே பயணம் எழுதியவர் என்றாலும், பழைய இதழ்களிலும் நூல்களிலும் கிடந்த பிறருடைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்ததற்காகவும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் தொகுத்த ‘தமிழ்நாடு’ என்ற பயணக் கட்டுரைத் தொகுப்பை அலமாரியில் இரண்டாவதாக வைப்பேன். வெளியிலிருந்து வந்தவர் வியந்து எழுதுவது ஒரு வகை. தமிழர் தமிழ் ஊர்களுக்குப் போய் எழுதுவது இன்னொரு வகை. பின்னதில் வழி, சத்திரம், சாப்பாடு, செலவு எல்லாம் வரும்.

பழைய பெருந்தொகுதிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெனிஸில் ராமூசியோ 1550களில் வெளியிட்டது. லண்டனில் ஹாக்லூட் 1589இல் வெளியிட்டு 1598 முதல் 1600 வரை மூன்று பாகமாகப் பெருக்கியது. பர்ச்சாஸ் 1625இல் நான்கு பாகமாகக் கொண்டுவந்தது. ஹாக்லூட் பிரான்சுக்கு அப்பால் எங்கும் போனதில்லை; மாலுமிகளைத் தேடிப் பிடித்துக் கேட்டும் படித்தும் தொகுத்தார். இலங்கைக்கும் நம் கரைக்கும் நடுவில் முத்துக்குளித்ததை எழுதிய வெனிஸ் வணிகர் செசாரே பெதரீச்சி இவரது தொகுதியில் இருக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பணம் போட வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஹாக்லூட்டின் மூன்றாம் பாகம் வந்த 1600இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியும் பிறந்தது. எந்தத் துறையில் என்ன சரக்கு என்று வணிகர்களுக்குச் சொல்வதும் இத்தொகுதிகளின் வேலை. நம் கரையை ஒருவர் எதற்காகப் பார்த்தார் என்று தெரிந்துகொண்டு படிப்பது நமக்கு அவசியம்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. நாமே தொகுப்பது. பழைய மொழிபெயர்ப்புகள் பல காப்புரிமை கடந்தவை. அகநானூறு 70, செங்கடல் வழிகாட்டியின் 59ஆம் பகுதி, மார்க்கோ போலோவின் முத்தும் குதிரையும் சேர்ந்த அதிகாரங்கள், பெதரீச்சி, 1672இல் டச்சுப் பாதிரியார் பல்டேயஸ் எழுதிய கரை வருணனை, 1804இல் ராமேஸ்வரத்துக்கு வந்துபோனதைக் கார்டினர் தன் இலங்கை நூலில் எழுதிய பகுதி, 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர் அங்கே தந்த வரவேற்புரைக்குச் சொன்ன பதில். இவற்றை வெட்டாமல் முழு அதிகாரங்களாகவே அச்செடுத்துத் தைத்தால் ஒரு நல்ல புத்தகம். ஆங்கிலத்தில் இருப்பதை வட்டத்தில் ஆளுக்கு ஒரு பகுதியாகத் தமிழில் எழுதலாம். மாணவர்கள் இதை விரும்பிச் செய்வார்கள்.

இந்த வழியை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேலே சொன்ன எந்த நூலிலும், முழு நூலானாலும் தொகுப்பானாலும், முத்தெடுத்தவர் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் படகில் இருந்து பார்த்தவர் எழுதியது. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள், 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயிலேறித் தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறியவர்கள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்தவர்கள், அதே ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். இந்தக் கரையின் பெரும்பயணங்கள் இவர்களுடையவை. இவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கைப்பேசியில் பதிவுசெய்து, அவர்கள் சொன்னபடியே எழுதிச் சேர்த்தால், சங்கு குளித்த பெரியவரின் பேச்சும் கார்டினரின் பக்கமும் ஒரே நூலில் அடுத்தடுத்து வரும். எந்தப் பதிப்பகமும் நமக்காக இதைச் செய்யாது.

ஆகவே வாங்கும் வரிசை இப்படி. முதலில் நீலகண்ட சாஸ்திரியாரின் தொகுப்பு. அடுத்தது செட்டியாரின் ‘தமிழ்நாடு’. மூன்றாவது கிப் சுருக்கிய இபன் பதூதா. மார்க்கோ போலோவை யூல் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1871இல் விரிவான குறிப்புகளோடு வெளியிட்டார். அது இணையத்தில் கிடைப்பதால் அச்செடுத்தால் போதும். ஊர்ப்பெயர்களைப் பற்றி அவர் எழுதிய அடிக்குறிப்புகளையும் விடாமல் அச்செடுக்க வேண்டும். மிஞ்சும் பணத்தில் பழைய புத்தகக் கடையில் உலகப் பெருந்தொகுப்பு ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம்; ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போய்வரும் மாணவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பயணி என்று அது ஒத்துப்போகும். பதூதாவின் நான்கு பாகங்களில் கடைசிப் பாகத்தையாவது மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு எழுதிக் கொடுத்து வைக்க வேண்டும்.